கார்டு போயிருச்சு

ராஜபாளையம் வட்டாரத்தில் 'கார்டு போயிருச்சு' என்றொரு இனம் உண்டு. நூல் மில்லோ, பேண்டேஜ் துணி ஆலையோ, தானாக இயங்கும் கன்ட்ரோலர் மாட்டிய எந்தக் கட்டடமானாலும் அங்கே ஒருவராவது செழித்து வளர்வார். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும், சோதிப்பதற்கல்ல, வெளியே தெரிவதற்கு. கன்ட்ரோலர் பெட்டியைத் திறக்கவே மாட்டார். திறந்து பார்த்துச் சொல்ல யாரால்தான் முடியாது? மூடிய கதவின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணைச் செருகி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்று, கடைசியில் உதட்டைப் பிதுக்குவார். எந்த வியாதிக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: உள்ளே இருக்கும் மின்னணு அட்டை, அதாவது கார்டு, போயிருச்சு.

மாதிரிக்கு ஒருவர்: மில் எலக்ட்ரீஷியன் நவநீதகிருஷ்ணன், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

ஆயுத பூசை லீவு முடிந்த காலையில் ஸ்பின்னிங் கூடத்தில் ஈரப்பதம் விழுந்து நூல் பட்பட்டென்று அறுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஷிப்ட் சூப்பர்வைசர் நாராயணி திரையைப் பார்த்தாள். தண்ணீர் தெளிக்கும் வால்வை முழுசாகத் திறக்கச் சொல்லிக் கன்ட்ரோலர் கத்திக்கொண்டிருந்தது. வால்வோ அசையவில்லை. பன்னிரண்டுக்குள் சரியாகாவிட்டால் ஷிப்டை நிறுத்திவிட்டு, முப்பது பெண்களையும் கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி முதலாளி போனை வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, செத்த திறந்து பாருங்களேன்."

"என்னத்தத் திறக்க? அவுட்புட் கார்டு போயிருச்சு. கோயமுத்தூர்லருந்து வரணும். நாலு நாளாகும்."

"வயரு, சென்சாரு எதையாச்சும் பாத்தியளா?"

"ஏம்மா, டாக்டருக்கே வைத்தியம் சொல்லுதியா?"

அறுந்த நூலை ஒட்டி ஒட்டிக் கை ஓய்ந்த குருவம்மாள் குறுக்கே விழுந்தாள்: "போன மாசம் எங்க வரிசை பேனுக்கும் கார்டுதான் போச்சுன்னிய. பேனுல ஏதுண்ணே கார்டு?"

பதினொன்றரைக்கு நாராயணி தானே பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரே தெய்வீகம்! ஒவ்வொரு சுவிட்சு விளக்கின்மேலும் சந்தனம், நடுவே குங்குமம். வருஷத்தில் ஒரே நாள், பொட்டு வைக்க மட்டும், அண்ணாச்சி இந்தக் கதவைத் திறப்பார். தண்ணீர் வால்வுக்கான பொட்டை அவள் நகத்தால் சுரண்டினாள். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது: மேனுவல், கையால் மட்டும் இயக்கும் நிலை. அதாவது, கன்ட்ரோலர் எவ்வளவு கத்தினாலும் வால்வு காது கொடுக்காது.

"இத யாரு மேனுவல்ல போட்டது?"

நவநீதகிருஷ்ணன் ஜன்னல் வழியாக மேற்குமலையின் அழகில் ஆழ்ந்தார். பூசைக்குத் தொட்டி கழுவும்போது தன்மேல் தண்ணீர் தெறிக்காமலிருக்க அந்தச் சுவிட்சைத் திருப்பியவர் அவர். விளக்கின்மேல் பக்தியோடு பொட்டு வைத்தவரும் அவரே.

நாராயணி சுவிட்சைத் திருப்பினாள். கூடமெங்கும் சாரல். நூல் அறுவது நின்றது, ஷிப்ட் நிற்கவில்லை.

முதலாளிக்கு உடனே போன் போட்டார் அண்ணாச்சி: "தற்காலிகமா ஓட விட்டிருக்கேன், சார். ஆனா கார்டு மாத்தியே ஆகணும்."

மாற்றினார்கள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும். தண்ணி மோட்டாரோ, மச்சானோடு பேச்சுவார்த்தையோ. யார்மேல் பழி என்பதையும் முடிவு செய்திருப்பீர்கள். அதில் கடைசியாகக் கை வைத்தது யார்?