கழுத்துக்குக் கீழே வீரய்யா

பின்னிக்காட்டி என்றொரு இனம் கண்டியில் பெருகி வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது, ஏனென்றால் அதை வைத்தவன் நான். கம்பளி நூலில் சுவெட்டர் பின்னும் எல்லோரையும் நான் சொல்லவில்லை. சிலர் குளிருக்காகப் பின்னுகிறார்கள், போட்டுக்கொள்கிறார்கள், முழங்கை தேய்ந்ததும் இன்னொன்று பின்னுகிறார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. பின்னிக்காட்டி பின்னுவது காட்டுவதற்கு. யாருக்கு என்று கேட்கிறீர்களா? முதலில் இங்கிரிட்டுக்கு. பிறகு உலகத்துக்கு. நேரம் மிஞ்சினால் உங்களுக்கும் எனக்கும்.

இங்கிரிட் யார்? எங்கேயோ பனி கொட்டும் ஒரு நாட்டில் உட்கார்ந்து சுவெட்டர்களை வடிவமைக்கும் அம்மாள். எத்தனை கண்ணி போட வேண்டும், எந்த வரியில் எதை எதன் மேல் திருப்ப வேண்டும் என்று பதினெட்டுப் பக்கத்துக்கு எழுதி, பேட்டர்ன் என்று பெயரிட்டு இணையத்தில் விற்கிறார். அதைப் பார்த்துப் பின்னி முடித்தவர்கள் படம் எடுத்து அனுப்பினால், தன் பக்கத்தில் போட்டு, கீழே ஒரு சிவப்பு இதயம் வைப்பார். உறவு அவ்வளவுதான். ஆனால் பின்னிக்காட்டி பேசக் கேட்க வேண்டும். "இங்கிரிட்டுக்கு இந்தக் கலர் புடிக்காது", "இங்கிரிட் இந்த மாசம் கொஞ்சம் சோர்ந்து போயிருக்கா" என்று, கட்டுகஸ்தோட்டையில் கட்டிக்கொடுத்த சித்தி மகளைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் உங்கள் உடுப்பின் ஓரத்தை மெல்லத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தால், பயந்து பையைப் பிடிக்காதீர்கள். அவருக்கு வேண்டியது உங்கள் பை இல்லை. அது மெஷினில் பின்னியதா கையில் பின்னியதா என்று தெரிந்தால் போதும், மெஷின் என்றால் உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இன்னொரு அடையாளம், பாவமன்னிப்பு. முடித்த சுவெட்டரை உங்கள் மடியில் விரித்து, "இதுல ஒரு பிழை இருக்கு. எங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். அப்போது என்ன செய்ய வேண்டும்? குனிய வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்ட வேண்டும். "பிழையா? இதுலயா? எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்று தோற்றுப்போக வேண்டும். நான் ஒருமுறை உண்மையாகவே கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டேன். ஆறு வாரம் அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

சரி, பின்னியதைப் போடலாமா? படம் எடுக்கும்வரை போடக்கூடாது. எடுத்த பிறகும் போடக்கூடாது, இன்னொரு படம் தேவைப்படலாம். மார்கழிக் குளிரில் வீட்டு ஆண்பிள்ளை போர்வையைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டிருப்பார். பதினோரு சுவெட்டர்கள் பூச்சி உருண்டையோடு அலுமாரியில் சுகமாக இருக்கும்.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் மேல் வீட்டில் இருக்கிறார் ஞானேஸ்வரி, பள்ளிக்கூடமொன்றில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் வீரய்யா என்னோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்தார். பழைய கோப்புகள் அடுக்கிய பின்னறையில் முப்பத்து நான்கு வருஷம். யாரோடும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மூன்று வருஷமாக ஞானேஸ்வரியின் சுவெட்டர்களைப் போட்டுக் காட்டுகிறவரும் அவர்தான்.

கண்டி டவுனில் சுவெட்டர் படம் எடுத்தால் முகத்தில் வியர்வை மினுங்கும், பின்னால் த்ரீவீலர் நிற்கும். இங்கிரிட் என்ன நினைப்பா? ஆகவே ஒவ்வொரு சுவெட்டர் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்ஷெட்டில் பஸ் ஏறி ஹேவாஹெட்டவுக்குப் போவார்கள், மூடுபனிக்காக. வீரய்யா தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிற்பார், விலாப் பக்கத்து வேலைப்பாடு தெரிவதற்காகக் கைகள் இரண்டையும் உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு. அந்த வழியாக விறகோடு வந்த ராக்கம்மா என்ற தோட்டத்துப் பெண் ஒருநாள் கட்டை இறக்கி வைத்துவிட்டே கேட்டுவிட்டாளாம்.

"ஏங்கம்மா, ஐயாவுக்கு என்னா, கை மடங்காதா?"

"மடங்கும், மடங்கும். நீ கொஞ்சம் தள்ளி நில்லு, நெழல் விழுது."

ஐயாவின் கை மட்டும்தான் பிரச்சினை என்றா நினைக்கிறீர்கள்? தலையும் பிரச்சினைதான். இங்கிரிட்டின் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. உடுப்பு கழுத்து முதல் கீழ் ஓரம் வரை தெளிவாகத் தெரிய வேண்டும், கவனத்தைத் திருப்பும் எதுவும் படத்தில் இருக்கக்கூடாது. ஞானேஸ்வரி யோசித்துப் பார்த்தார். தேயிலைச் செடி இருக்கலாம், பனி இருக்கலாம். அப்படியானால் கவனத்தைத் திருப்புவது எது? அன்றிலிருந்து வீரய்யா கழுத்தோடு நின்றுபோனார். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று இருநூறுக்கு மேல் படங்கள். பனிக்குள்ளிருந்து ஒரு நெஞ்சு மட்டும் கம்பீரமாக வந்து நிற்கும். உலகெங்குமிருந்து இதயம் இதயமாக வந்து குவியும்.

வீரய்யாவுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. எங்கள் கந்தோரில் ஒருவர் பென்ஷன் போகும்போது நலன்புரிச் சங்கம் ஆறடி உயரத்தில் அவருடைய படம் போட்ட பெனர் அடித்து மண்டபத்தில் தொங்கவிடும். விழா முடிந்ததும் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். பின்னறையில் யார் இருக்கிறார் என்றே முன்னறையில் பாதிப் பேருக்குத் தெரியாத இடத்தில், அந்த ஒருநாளாவது எல்லோரும் தன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று மனிதர் காத்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன்பே என்னிடம் கேட்டார், "அந்த பெனர்ல மூஞ்சி நல்லா பெருசாத்தானே வரும்?" விழாவுக்கு முதல் நாள் மார்க்கெட் பக்கத்து சலூனில் மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். பெனர் இரகசியமாக இருக்க வேண்டுமென்பது சங்கத்து வழக்கம், படத்தை வீட்டிலிருந்துதான் வாங்குவார்கள். அது தெரிந்து, மனைவியிடம் ஜாடையாகவும் சொல்லி வைத்திருந்தார். "யாராச்சும் என் போட்டோ கேட்டா, நல்லதா பாத்துக் குடு, ஞானம்."

ஞானேஸ்வரி நல்லதாகத்தான் பார்த்தார். இதை நான் அடித்துச் சொல்வேன். சங்கச் செயலாளர் ஹுஸைன் போனில் கேட்டதும், இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து, கை சுருங்கியிருந்த ஒன்றைத் தள்ளி, நிறம் மங்கியிருந்த ஒன்றைத் தள்ளி, இங்கிரிட்டே இரண்டு இதயம் வைத்த படத்தைத் தேர்ந்து அனுப்பினார். கரும்பச்சை சுவெட்டர். நெஞ்சில் கயிறுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஏறிப்போகும் வேலைப்பாடு, நான்கு மாத உழைப்பு. அதைவிட நல்ல படம் அந்த வீட்டில் இல்லை என்பது சத்தியம்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வீரய்யா முன் கதிரையில், புது வெள்ளைச் சட்டையில், கத்தரித்த மீசையில். கந்தோர்ப் பெரிய ஐயா கயிற்றை இழுத்தார். பெனர் விரிந்தது. கைதட்ட ஆரம்பித்து, பாதியில் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

ஆறடிக்குச் சுவெட்டர். மேலே கழுத்து முடிகிற இடத்தில் படமும் முடிந்துவிட்டது. அதன் கீழே கொட்டை எழுத்தில், எல்லா விழாவுக்கும் போடும் அதே வாசகம். "உங்கள் சிரித்த முகம் என்றும் எங்கள் நெஞ்சில்."

அலவத்துகொடயிலிருந்து இருபது வருஷமாக நேரத்துக்கு வந்து, ஒரு காரியத்திலும் பிசகாத ஹுஸைன் என் காதில் கிட்டத்தட்ட அழுதார். "நான் அக்காட்ட அண்ணன்ட நல்ல படமொண்டுதான் கேட்டேன். வந்தத தொறந்தும் பாக்காம கடைக்கி அனுப்பிட்டேன். கடைக்காரன் கேட்டான், 'தல வேறயா வருமா'ண்டு. நானும் வெளங்காம 'ஓ, வரும்' எண்டுட்டேன்."

நான் ஞானேஸ்வரியைப் பார்த்தேன். பெருமையோடு நிமிர்ந்திருந்தவரின் முகம் மெல்ல வெளுத்தது. கண்டுகொண்டார் என்று நினைத்தேன். எழுந்து பெனருக்குக் கிட்டப் போய், விரலை வைத்துக் கீழிருந்து மேலே எண்ணினார்.

"ஐயையோ! இடது பக்கத்துக் கயிறு மூணாவது முறுக்குல மாத்தித் திரும்பியிருக்கே!"

"ஞானம்," என்றார் வீரய்யா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "எனக்குத் தல இல்ல."

ஞானேஸ்வரி அப்போதுதான் மேலே பார்த்தார். அதற்கு மேலும் பார்த்தார், தலை கூரைப் பக்கம் எங்கேயாவது இருக்குமென்று தேடுவதுபோல.

சமாளித்தவர் ஹுஸைன்தான். ஒரு கதிரையைத் தூக்கிப் பெனருக்குப் பின்னால் போட்டு, "அண்ணன், இதுல ஏறி நில்லுங்க" என்றார். வீரய்யா ஏறினார். கரும்பச்சைக் கழுத்துக்கு மேல் அவருடைய தலை வந்தது. மண்டபம் வெடித்துச் சிரித்தது, அவரும் சிரித்தார், எல்லோரும் போனைத் தூக்கினார்கள். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். பெனரின் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் எனக்குத் தெரிந்தன. சிரிக்கிறவரின் பிடியாக அது இல்லை.

ஞானேஸ்வரியும் போனை எடுத்தார். பழகிய கை, தானாகவே நெஞ்சுக்கு இறங்கியது. பிறகு நின்றது. மெதுவாக மேலே ஏறியது. ஏறிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"இந்த மீச எப்ப இப்புடி வெளுத்துச்சி?"

"போன தீவாளிக்கு முந்தின தீவாளி," என்றார் வீரய்யா கதிரை மேலிருந்து. "நீ அப்ப சுவெட்டருக்கு வலது கை பின்னிக்கிட்டு இருந்த."

அன்று ஞானேஸ்வரி எடுத்த படத்தில் வீரய்யாவின் முகம் மட்டும்தான் இருந்தது. அதையும் பழக்கதோஷத்தில் இங்கிரிட்டுக்கே அனுப்பினார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்த அம்மாள் இதயம் வைக்காமல் ஒரு வரி எழுதினார். நல்ல படம்தான், ஆனால் உடுப்பு தெரியவில்லையே, தெளிவாக வேறொன்று அனுப்ப முடியுமா? அதற்குக் கீழே, அந்தப் பக்கத்தில் யாருக்குமே வாசிக்கத் தெரியாத தமிழில், ஞானேஸ்வரி பதில் போட்டார். "உடுப்பு கெடக்கட்டும். இது என் வீட்டுக்காரர்."

சிரித்துவிட்டீர்களா? நல்லது, இப்போது உங்கள் போனை எடுங்கள். நீங்கள் பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஆக்கிய புரியாணி அதில் இருக்கும், அதைச் சாப்பிட்டவரின் விரல் ஓரத்தில் இருக்கும். நீங்கள் கட்டிய வீடு இருக்கும், அதன் வாசலை யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டிருப்பார். உங்களோடு இத்தனை வருஷம் இருந்தவரின் நல்ல படமொன்று அவசரமாகத் தேவை என்று யாராவது கேட்டால் எதை அனுப்புவீர்கள்? தேடிப் பாருங்கள்.

நான் தேடினேன். ஆயிரத்து நானூறு படங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றில் என் மனைவி இருக்கிறாள். என் புத்தக வெளியீட்டு விழாவில், கடைசிக்கு முந்தின வரிசையில், தூணுக்குப் பின்னால் பாதி. அந்தப் படத்தையும் நான் அழிக்காமல் வைத்திருப்பது, மேடையில் நிற்கும் நான் அதில் அழகாகத் தெரிவதால்.