ரஷ்வானின் வெள்ளோட்டம்

எகிப்தில் குளிர் உச்சத்தில் இருக்கும் தூபா மாதம்; ஆய்வுக்கூடத்துச் சோதனை இன்ஜின் கிளம்பியதுமே புகைக்குழாய் வெள்ளைப் புகையைக் கக்கியது. ரஷ்வான் குனிந்து குழாயை உற்றுப் பார்த்தான்.

தன்தா நகரத்து வடைக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பக்குவப்படுத்தி, ஐந்தில் ஒரு பங்காக டீசலில் கலந்து அவன் உருவாக்கிய எரிபொருள் அது. இந்த வித்தையில் தன்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்பது அவன் எண்ணம். அது உண்மையும்கூட. சற்று நேரத்தில் டாக்டர் இன்ஷிராஹ் தலைமையில் கல்லூரியின் ஆய்வுக் குழு வரும். இன்ஜின் ஒழுங்காக ஓடினால் கல்லூரிப் பேருந்துகள் எல்லாவற்றுக்கும் அவன் கலவைதான். ஓடாவிட்டால் அவனுடைய ஆய்வுக்கூடத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைப்பார்கள்.

"கொஞ்சம் சூடாகட்டும் பாஷா, தானா சரியாயிடும்" என்றார் கல்லூரி மினிபஸ் ஓட்டுநர் ஷஹாத்தா உஸ்தா, தேநீரை உறிஞ்சியபடி.

"வண்டி ஓட்டுறது உங்க வேலை, உஸ்தா. எரிய வைக்கிறது என் வேலை."

கலவை கெட்டியாகிவிட்டது என்று தீர்ப்பெழுதி, அதில் எரிசாராயத்தை ஊற்றினான். அது சட்டென்று பற்றாமல், தாமதித்து மொத்தமாகப் பற்றியது. இன்ஜின் டண்டண்ணென்று அடித்துக்கொண்டது.

"உள்ள யாரோ கதவத் தட்டுறாங்க போலிருக்கே?"

"நீங்க சும்மா இருங்க!"

சீக்கிரம் பற்றட்டும் என்று வடை எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்தான். தட்டல் நின்றது. வடிகட்டி அடைத்துக்கொண்டு இன்ஜினும் நின்றது.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ரஷ்வான் மானத்தை மூட்டை கட்டினான்.

"உஸ்தா, உங்க பஸ்ஸுல இருக்கிற டீசலைக் கொண்டாங்க. யாருக்கும் தெரியக் கூடாது."

குழு தேநீர் குடித்து முடிப்பதற்குள் டாங்கியைக் காலி செய்து, வடிகட்டியை மாற்றி, ஷஹாத்தா கொண்டுவந்ததை ஊற்றினான். இன்ஜின் தையல் மெஷின் போல ஓடியது. புகையே இல்லை.

டாக்டர் இன்ஷிராஹ் குழாயருகே மூக்கை நீட்டினார். "அடடா, வடை வாசனை! காலையில சாப்பிடாம வந்தது தப்பாப் போச்சு."

குழாயில் பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான் ரஷ்வான்.

"நம்ம கல்லூரிக்கே பெருமை, ரஷ்வான். எல்லாப் பஸ்ஸுக்கும் இதையே போடுவோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்கோ அழுகை முட்டியது. அவர்கள் போனதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இத்தனை வருஷ உழைப்பு, உஸ்தா. கடைசியில வெறும் டீசலைக் காட்டிப் பேர் வாங்கிட்டேன். இப்பவே போய் உண்மையச் சொல்லிடறேன்."

ஷஹாத்தா பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"ஐயோ, என் வேலை போயிடும் பாஷா! பஸ்ஸுக்குக் குடுத்த டீசலை நான் அப்பப்ப வித்துடுவேன்; போன ரமலான்லேருந்து வண்டி ஓடுறதே, கீழ கொட்டிடுங்கன்னு நீங்க குடுக்கிற மிச்சக் கலவையிலதான்!"