இசிதோராவின் முதுகுப் போர்

கடல் பல கடந்தவளே, கலக்கம் அறியாதவளே, அண்ணன்மார் மூவரின் வாயை அடைக்கத் தன்னந்தனியாய்ப் புறப்பட்ட சிலி நாட்டுச் சிங்கமே, இசிதோராவே, வாழி! பத்தொன்பது நாளாய் எப்பகைக்கும் புறமுதுகு காட்டாத உன் பெருமையையும், அந்த முதுகே பகையாகி உன்மேல் எழுந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையையும், கொரிய நாட்டு மொக்போ நகரத்து வெள்ளருவிக் குளியலகத்தின் பெண்கள் பகுதியில், வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து கண்ணாரக் கண்ட நான் பாடப் புகுந்தேன். ஆவி பறந்ததால் சில இடங்கள் சரியாகத் தெரியவில்லை.

முதலில் வஞ்சினம். குளித்து முடித்து, வேகவைத்த முட்டையை உரித்தபடி அவளே எங்களுக்குச் சொன்னது இது. வழியனுப்ப விமான நிலையம் வந்த அண்ணன்மார், "மூணாம் நாளே யார் கையையாவது பிடிச்சுக்கிட்டு அழப்போற, பாரு" என்று சிரிக்க, அவள் பெட்டியைத் தரையில் ஓங்கி வைத்து, "நாற்பது நாளும் எந்த மனிதரிடமும் எந்த உதவியும் கேளேன்! கேட்டேனாயின், உங்கள் மூவரின் துணியையும் ஓராண்டு துவைப்பேன்!" என்று முழங்கினாள். மூத்தவன் லாரி பழுது பார்ப்பவன் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அந்தச் சொல்லைக் காக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா! இரண்டாண்டு பாடுபட்டுக் கொரிய மொழி கற்றவள், பாடப்புத்தகத்தில் உதவி கேட்கும் பக்கங்களை மட்டும் கிழித்தெறிந்தாள். பேருந்து மாறி ஏறியவள், வழி கேளாது பதினான்கு கிலோமீட்டர் நெல்வயல்களின் ஊடே நடந்தாள். நூடுல்ஸ் கடையில் கரண்டியும் குச்சிகளும் மேசையின் பக்கத்து இழுப்பறைக்குள் உறங்கிக் கிடக்க, அதை அறியாமலும், கேட்க மனமில்லாமலும், கொதிக்கும் கிண்ணத்தை இரு கையால் ஏந்தி ஒரே மூச்சில் குடித்தாள். கடைக்காரர் பயந்துபோய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

அத்தகையாள், அன்று காலை, ஆடையெல்லாம் களைந்து பெட்டியில் பூட்டி, சாவி கோத்த ரப்பர் வளையத்தை வலக்காலில் வீரக்கழலாய்ப் பூண்டு, ஈரத்தரை வழுக்கியும் வழுக்காதவள்போல் நடந்து வந்தாள். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறினாள். பின்பு எங்களைப் பார்த்துத் தானும் பச்சை நிற முரட்டுத் துணியுறையைக் கையில் மாட்டி, பிளாஸ்டிக் முக்காலி என்னும் அரியணையில் அமர்ந்து, போர் தொடுத்தாள். இடக்கை வீழ்ந்தது. வலக்கை வீழ்ந்தது. தொடைகள் இரண்டும் சரணடைந்தன. பத்தொன்பது நாள் ஊர் சுற்றிய அழுக்கு சேமியா சேமியாவாய் உருண்டு ஓடியது.

ஆனால் அந்தோ, தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே, உள்ளங்கையகல நிலமொன்று, எவர்க்கும் அடங்காத குறுநில மன்னனைப்போல் நிமிர்ந்து நின்றது! சுற்றிலும் தேய்த்த இடமெல்லாம் பட்டுப்போல் ஆகிவிட, தேய்க்காத அந்த இடம் மட்டும் வெந்நீரில் ஊறி ஊறி, நமநமவென்று, தாங்கவே முடியாதபடி அரித்தது. தோளுக்கு மேலாக ஒரு படையெடுத்தாள். இரண்டு விரற்கடை எட்டவில்லை. இடுப்பு வழியே கீழிருந்து ஒரு படையெடுத்தாள். தோள்மூட்டு 'டக்' என்றது. நீளத் துண்டை இரு கையால் பற்றி, குறுக்கே தயிர் கடைவதுபோல் இழுத்தாள். துண்டு பறந்து குளிர்நீர்த் தொட்டியில் விழுந்தது. காசு வாங்கிக்கொண்டு தேய்த்துவிடும் அம்மாளோ மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடைசியில் எழுந்தாள், நடுத்தூணை நெருங்கினாள், முதுகைச் சாய்த்தாள், எருமை மரத்தில் உரசுவதுபோல் உரசினாள்.

தையற்கடை மால்ஜாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "தொக்சிம் அக்கா, அங்க பாருங்களேன்! அவ முதுகைத் தேய்க்குறாளா, தூணைத் தேய்க்குறாளா?"

"தூணுதான்டி வெளுக்குது" என்றாள் தொக்சிம். மீன் சந்தையில் முப்பது ஆண்டாய்த் திருக்கை மீனை அறுத்து விற்பவள், தோள்கள் கதவகலம். தன் முக்காலியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து வீராங்கனையின் முன் போட்டாள், உட்கார்ந்தாள், கேட்டாள்.

"பொண்ணு, கொஞ்சம் முதுகு தேய்ச்சு விடு."

இசிதோரா திகைத்தாள். முன்பின் அறியாதவளிடம், முகவுரை இல்லாமல், நாணம் இல்லாமல், உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோல் ஒரு கேள்வி! திகைப்பு நீங்கி, தன் முக்காலியையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேய்த்தாள்.

"அழுத்தித் தேய்ம்மா! காலையில சோறு தின்னலையா? ஆங்... அங்கதான். இன்னும் கீழ. அப்பாடா! நல்ல கைடி உனக்கு."

தொக்சிம் ஒரு சொம்பு நீரை முதுகில் ஊற்றிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். பச்சைத் துணியுறையை மாட்டிக்கொண்டாள். பின்பு தேய்க்காமல் காத்திருந்தாள்.

"என்னடி பாக்குற? கேட்டாத்தான் தேய்ப்பேன். கேக்காம ஒருத்தி மேல கை வைக்க மாட்டேன்."

எழுந்து நின்றாள் இசிதோரா. ஈரக்கூந்தல் சொட்ட, பாடப்புத்தகமே வாய் திறந்ததுபோல் செம்மொழியில் முழங்கினாள்: "அம்மையீர்! எவரிடமும் எதனையும் கேட்பதில்லை என்று ஆணையிட்டு வந்தவள் நான்!"

"அய்யோடா!" என்று கையைத் தட்டினாள் மால்ஜா.

தொக்சிம் சிரிக்கவில்லை. "நான் இப்பக் கேட்டேனே, என் பல்லு கொட்டிப் போச்சா? ஐம்பத்தாறு வயசாகுது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் யார்கிட்டயாவது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என் கையும்தான் அங்க எட்டாது."

அப்போது, அண்ணன்மார் மூவரின் அழுக்குத்துணி மலையாய் மனக்கண்முன் எழ, அதன் உச்சியில் மூத்தவனின் எண்ணெய்க்கறை படிந்த சட்டை கொடியாய்ப் பறக்க, நடந்த பதினான்கு கிலோமீட்டரும் சுட்ட நாக்கும் கிழித்த பக்கங்களும் ஒருபுறம் நின்று இழுக்க, உள்ளங்கையகல நிலம் மறுபுறம் நின்று நமநமக்க, தொட்டிக்குள் பதினோரு பெண்கள் மூச்சடக்கிப் பார்த்திருக்க, பத்தொன்பது நாளாய் எவர்க்கும் புறமுதுகு காட்டாத அந்தப் பெருவீரி, முக்காலியை மெல்லத் திருப்பிப் போட்டாள், முதுகைக் காட்டி அமர்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் முதுகு தேய்ச்சு விடுங்க" என்றாள்.