வேண்டாமென்று சொல்ல ஒரு ஆள்

"மூஞ்சியையாவது அலம்பிண்டு வாடி! அவா ஹால்ல வந்து உக்காந்தாச்சு!" என்று லலிதா பல்லைக் கடித்தாள்.

மகள் அம்ருதா அலம்பவில்லை. ஊருக்கு வெளியே தளேகாவில் தான் சொந்தமாக நடத்தும் வால்வு ஃபேக்டரியிலிருந்து, கிரீஸ் அப்பிய நீல ஓவராலோடு நேராகக் கேம்ப் ஏரியாவில் இருக்கும் தங்கள் பங்களாவுக்கு வந்திருந்தவள், அப்படியே ஹாலுக்குள் நுழைந்தாள். அம்மா இதைப் பெண் பார்ப்பது என்று சொல்ல மாட்டாள். பெரிய இடமாயிற்றே, 'ஹை டீ' என்பாள்! எதுவானால் என்ன, இந்த அலங்காரத்தைப் பார்த்த பிறகும் எவனாவது பெண் கேட்பானா?

கேட்டார்கள்! "பேஷ்! உழைக்கிற பொண்ணு!" என்று கை தட்டினார் பிள்ளையின் அப்பா சூர்யநாராயணன். ஊரில் நாலு ஹோட்டலுக்குச் சொந்தக்காரர். பிள்ளை ஹர்ஷா போனிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்கு ஓகே, டாட்" என்றான்.

அம்ருதாவுக்குப் பகீரென்றது. "எனக்குச் சமைக்கத் தெரியாது, அங்கிள்."

"நம்மாத்துல மூணு சமையல்காரா!"

"வீட்டுக்கு வர ராத்திரி பத்தாயிடும்."

"இவன் பதினொண்ணுக்கு வரான். நீதான் கதவைத் திறந்து விடணும்!"

"கோபம் வந்தா கத்துவேன்."

"வீடு பெரிசும்மா, ஒருத்தர் காதுலயும் விழாது!"

லலிதா பூரித்துப்போய் பாக்கர்வடித் தட்டை நீட்டினாள். ஒன்றை எடுத்துக் கடித்தபடியே அவர் குண்டைப் போட்டார்.

"ஒரே ஒரு விஷயம். நம்மாத்துப் பொம்மனாட்டிகள் வேலைக்குப் போற வழக்கமில்லே. ஃபேக்டரியை வித்துடலாம். அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். டீக் ஹை? சரிதானே?"

"டீக், டீக்!" என்றாள் லலிதா.

ஐயோ! ரத்தம் சுண்ட உழைத்து நிமிர்த்திய ஃபேக்டரி! அம்ருதாவுக்கு இனி ஒரே நம்பிக்கை, சோபா ஓரத்தில் இருந்த பிள்ளையின் அம்மா நீலா மாமிதான். வந்ததிலிருந்து மாமி வாயே திறக்கவில்லை. அம்ருதாவையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை, மாமிக்குச் சத்தியமாகப் பிடிக்கவில்லை!

மாமி கை கழுவ எழுந்ததும் அம்ருதா பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! பொண்ணு பிடிக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. ஃபேக்டரியை விட்டுட்டு என்னால இருக்க முடியாது!"

நீலா மாமி ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதெல்லாம் சொல்லிடறேன். நீ முதல்ல சொல்லு, உன் ஃபேக்டரில என் வயசுக்காராளை வேலைக்கு எடுத்துப்பியா?"