எருக்கிலையில் வந்த சரக்கு

புழுவுக்குப் பாதுகாப்பு விதி போட்ட போர்மேன் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சட்டம் அண்ணாச்சி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மேலாளராக இருந்தேன். விதிகளை நான் படித்தவன், அவர் சுவாசித்தவர். ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது விதி. சுவரிலிருந்த சாமி படத்தையும் ஓர் ஆளாகக் கணக்கிட்டு, நான்காவது ஆளை வெளியே அனுப்பியவர்.

வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஆலையில் ஒரு காப்பகம் உண்டு. எருக்கஞ்செடியிலிருந்து கோடு போட்ட புழு ஒன்றைக் கிளையோடு ஒடித்துவந்து, அங்கே ஜன்னலில் வைத்தார் அண்ணாச்சி. வெடிமருந்து அறைகளில் இருப்பதுபோல வாசலில் ஒரு செம்புத் தகடு. அதைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் புழுவைப் பார்க்க வேண்டும்.

"முட்டைதாம்லே மூலச்சரக்கு. புழு வந்தா ராப்பகலா தீனி, ஓவர்டைம். அப்புறம் கூடு கட்டும், அது பேக்கிங். கடைசியா பட்டாம்பூச்சி, டெலிவரி."

"வெடிக்குமா தாத்தா?" என்றாள் ஒரு சிறுமி.

"வெடிக்கும். சத்தம் வராது."

புழு பச்சைக் கூடாகித் தொங்கியது. அண்ணாச்சி தினமும் பிள்ளைகளுக்கு டெலிவரி வாக்குறுதி கொடுத்தார். ஒரு சாயங்காலம் முகம் தொங்க என் அறைக்கு வந்தார்.

"கூடு கறுத்துப்போச்சு சார். நமுத்துருச்சு. தண்ணியில போட்டு அழிக்கணும். கையெழுத்துப் போடுங்க."

நமத்த பட்டாசை அப்படித்தான் அழிப்போம். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

"பிள்ளைகளிடம் சொல்லிவிட்டீர்களா?"

"எப்படி சார் சொல்ல? அம்புட்டுப் பேரும் என்னைய நம்பி இருக்காக."

கழிவுச் சரக்கைப் பகல் வெளிச்சத்தில் பரிசோதிக்காமல் கையெழுத்திட முடியாது என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது.

காலையில் போய்ப் பார்த்தோம். கறுப்பு, கூட்டின் நிறமல்ல. கூட்டின் தோல் கண்ணாடியாகி உள்ளே மடிந்திருந்த சிறகு தெரிந்திருக்கிறது. கூடு பிளந்து, நனைந்த திரிபோல ஒன்று வெளியே தொங்கியது. வெயில் ஏற ஏறச் சிறகு விரிந்தது. கறுப்பு விளிம்பு வைத்த ஆரஞ்சு நிறம். பிள்ளைகள் கைதட்ட, ஜன்னல் வழியே பறந்தது.

ஆலைக்குள் யாரும் ஓடக் கூடாது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். "ஏலே, அங்கன போகாதலே. அங்கன மருந்து இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டே துண்டை வீசினார்.

முறைப்படி அதற்கு மெமோ உண்டு. வாசகத்தைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன். அவர் மூச்சு வாங்க என் அறைக்கு வந்ததும், என் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டேன்.