பிரேமலா பிடித்த ரேடியோ

இந்த ஞாயிற்றுக்கிழமை பெக்கோக் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். அதை என் மனைவி பிரேமலாவிடம் சொல்வதில்லை என்று அதைவிட உறுதியாக முடிவெடுத்தேன்.

பெக்கோக்கில் என் தங்கை மகளுக்குச் சாயங்காலம் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். ஆனால் அன்று பகல் முழுக்க எனக்குக் கார் பந்தயம். கார் கணினிக்குள் இருக்கிறது. மாசாயில் என் வீட்டு அறையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் திரையில் பறக்கும். அதே காரை நானும் சிங்கப்பூரில் இருக்கும் நண்பன் வாலண்டைனும் மாறி மாறி ஓட்டுவோம். அவன் வீட்டில் அவன், என் வீட்டில் நான். நடுவில் ரேடியோ. பொத்தானை அமுக்கினால் பேசலாம்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்தால் என் கால் ஓரிடத்தில் நிற்காது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஸ்டியரிங் முன்னால் இருக்கும் நாற்காலியில்தான் அடங்குவேன்.

திட்டம் இதுதான். ரேடியோவில் வழிகாட்ட எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். பிரேமலாவையே அந்த ஆளாக்கினால், ருசி கண்டு பெக்கோக்கை மறந்துவிடுவாள்.

"எனக்கு என்னங்க தெரியும் இதுல?"

"ஃபோன்ல நம்ம காரு தெரியும். பக்கத்துல யாரு வர்றா, எண்ண எவ்ளோ இருக்கு, எண்ண போட, ஆளு மாத்த எப்ப பிட்டுக்கு வரணும்னு சொன்னா போதும்."

"மோட்டார் சைக்கிள் பின்னால ஒக்காந்து அதத்தானே வருசக்கணக்கா சொல்றேன். கேட்டீங்களா?"

"ரேடியோல கேட்டுத்தான் ஆகணும். ஓட்டுறவன் எதுத்துப் பேசக்கூடாது. 'காப்பி'ன்னு மட்டும் சொல்லணும். புரிஞ்சிருச்சு, செய்றேன்னு அர்த்தம்."

"எதுத்தே பேசக்கூடாதா?"

"கூடவே கூடாது. நான் போட்ட சட்டம்."

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பந்தய ஆசை என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. ஹாலில் அவள். அறையில் நான்.

"எடது பக்கம் காரு. இன்னும் இருக்கு. இருக்கு. போயிருச்சு."

"காப்பி."

"வளைவுல ஏன் இப்டிப் பறக்குறீங்க? டயரு என்ன எங்கப்பா குடுத்த சீதனமா?"

"காப்பி."

வாலண்டைன் சிரித்தான். "அண்ணே, அக்கா செம லா!"

செமதான். கடைசியில் கிடந்த நாங்கள் நாலாவது இடத்துக்கு வந்துவிட்டோம். பெக்கோக் என்ற பேச்சே எழவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"இந்தச் சுத்துல பிட்டுக்கு வாங்க."

"காப்பி." வந்தேன்.

"எறங்குங்க. வாலண்டைன் தம்பி, ஏறுங்க. கடைசி வரைக்கும் நீங்கதான்."

"காப்பி, அக்கா!"

என் ஸ்டியரிங் செத்துப்போனது. திரையில் கார் என்னை விட்டுப் போனது.

"பிரேமா! நான் இன்னும் பாதிகூட ஓட்டலயே!"

"எதுத்துப் பேசக்கூடாது. தம்பி நேத்தே சரின்னுட்டாரு. நீங்க போகலன்னா ஓங்க தங்கச்சி யாரச் சொல்லுவா? அண்ணிதான் அண்ணன விடலன்னு என்னையத்தான் சொல்லுவா. வேட்டி கட்டில் மேல இருக்கு."

நான் போட்ட சட்டத்தை நானே மீற முடியுமா?

"காப்பி," என்றேன்.

நிஜக் காரில் பெக்கோக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் செம்பனை மரங்கள் பின்னால் ஓடின. என் பக்கத்தில் பிரேமலா, பட்டுப்புடவையில். மடியில் ஃபோன், ஸ்பீக்கரில் வாலண்டைன். மூன்றாம் இடமாம். எட்டிப் பார்த்தேன்.

"ரோட்டப் பாருங்க!"

முன்னால் ஒரு லோரி ஊர்ந்தது. முந்துவதற்காக சிக்னல் போட்டேன்.

"வலது பக்கம் காரு வருது. பொறுங்க... பொறுங்க... இப்பப் போலாம்."

யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. நானும் வாலண்டைனும் ஒரே நேரத்தில் "காப்பி" என்றோம்.