பெரிய சாமியின் கையில் ஒட்டிய பொட்டு

பெட்சபுரி
செவ்வாய்க்கிழமை காலை

மாவட்ட மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் தம்பி மகள் பிம்முக்கு, உன் பெரியப்பா புன்லேர்த் எழுதுவது. புத்தர், தர்மம், சங்கம் எனும் மும்மணிகளின் அருளால் நானும் உன் பெரியம்மாவும் பனைமரங்களும் நலம். அங்கே நீயும் உன் நோயாளிகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். மரியாதை இதோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கோயில் தலைமைத் துறவி பெரிய சாமியின் கால் புண் ஆறவில்லை, உடம்பில் ஓடும் சர்க்கரையை ராப்பகலாகக் கவனிக்க வேண்டும் என்று போன வாரம் ஒரு வெள்ளைப் பொட்டைக் கொண்டுவந்தாய். பெண் கை சாமிமேல் படக்கூடாது என்பதால் நீ தள்ளி நின்று சொல்லச் சொல்ல, நான்தான் அவர் கையில் ஒட்டினேன். சாமியிடம் ஃபோன் கிடையாது என்று, சர்க்கரை எகிறினால் அலறும்படி அதை என் ஃபோனோடு இணைத்தாய். கோயில் நிர்வாகி நான்தானே என்று நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தப் பெருமைதான் வினையாயிற்று. நேற்று முன்தினம் நோன்பு நாள், மாலை ஐந்தரை மணி, மண்டபம் நிறைய ஜனம், நாவை அடக்குவது பற்றி சாமி போதித்துக்கொண்டிருக்கிறார், என் சட்டைப்பையிலிருந்து தீயணைப்பு வண்டி போல ஒரு அலறல். நான் அணைக்கத் தடவுவதற்குள் ஊர்த்தலைவர் மனைவி லமுன் பிடுங்கிப் பார்த்துவிட்டாள்.

“முந்நூத்திப் பத்தா! எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தட்டு சோறு தின்னாத்தானே இந்த நம்பர் வரும்? மத்தியானத்துக்கு மேல சாமி ஒரு பருக்கை தொடக்கூடாதே!”

“மிஷின் கெட்டுப்போச்சு, குடு இப்படி.”

“மிஷினுக்கு யார் மேலயும் பக்தி கிடையாதுண்ணே. அதான் உண்மையைச் சொல்லுது. இங்க பாருங்க, தினமும் அஞ்சு மணிக்கு மேல மலை மாதிரி ஏறுது!”

இருபத்தாறு வருஷம் விதி பிசகாத மனுஷர் மாலையில் ஒளிந்து சோறு தின்கிறார் என்று ஒரு பொட்டு சொல்ல, ஊரும் நம்பிவிட்டது. வியாழக்கிழமை மாவட்டத் தலைமைத் துறவி விசாரணைக்கு வருகிறாராம். குற்றம் என்று தீர்ந்தால் சாமி இந்தக் கோயிலைவிட்டே போக வேண்டியதுதான். சாமியோ கேட்டால் சிரிக்கிறார்.

நான் சும்மா விடுவேனா? நேற்று நண்பகல் மணி அடித்ததிலிருந்து குடில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஈ, எறும்பு உள்ளே போகவில்லை. உள்ளே போனவன் நான் ஒருத்தன்தான், அதுவும் ஐந்து மணிக்கு, பதினொரு வருஷமாக நான் தரும், லிச்சி மாதிரி சின்னதான லொங்கன் பழத்தின் சாறோடு. சாறு விதிப்படி ஆகும், முஷ்டியைவிடப் பெரிய பழமாக இருக்கக்கூடாது, சக்கை இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் ஏழு மடிப்புத் துணியில் வடிகட்டுகிறேன். நம் மரத்துப் பனைவெல்லம் சொம்புக்கு இரண்டு கட்டி, சாமி களைத்திருந்தால் மூன்று. ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டார். அரைமணியில் ஃபோன் மறுபடி அலறியது. முந்நூற்று நாற்பது! சோறே போகாத வயிற்றில் ஏது சர்க்கரை? இதைவிடப் பச்சைப் பொய் உண்டா? நான் நாலாம் வகுப்புதான், ஆனால் பம்பு மோட்டாரைப் பிரித்து மாட்டத் தானாகவே கற்றவன், கெட்ட மிஷினைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஆகவே, இந்தப் பொட்டு பொய் சொல்லும் என்று மருத்துவமனை முத்திரையோடு எழுதி, வியாழனுக்குள் நீயே எடுத்துக்கொண்டு வந்து சேர். வராவிட்டால் உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல நிறமும் சுகமும் பலமும் உண்டாகட்டும்.

உன் பெரியப்பா,
புன்லேர்த்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் அந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க எண்ணினேன். நீ மாற்றுக்கு வைத்துப்போன பொட்டை என் கையில் ஒட்டி, உன் பெரியம்மா ஃபோனில் இணைத்து, மத்தியானம் சாப்பிடாமல் கிடந்து, ஐந்து மணிக்கு அதே சாறு ஒரு சொம்பு குடித்தேன். முந்நூற்று இருபது. உன் பெரியம்மா, “உங்களுக்கும் சர்க்கரை வியாதி இருக்கு போல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேரே சாமியிடம் ஓடினேன்.

“சாமி, என் சாறா இதுக்குக் காரணம்?”

“ஆமாம்ப்பா.”

“பதினொரு வருஷமா ஏன் சொல்லல?”

“சொம்ப நீட்டறப்ப உன் மூஞ்சியப் பார்த்திருக்கியா? அதை எப்படி வாடவிடறது? எனக்கு வெந்நீர் போதும், புன்லேர்த்.”

முத்திரைக் கடிதம் வேண்டாம். வியாழக்கிழமை மண்டபத்தில் சொம்போடு நானே நிற்கிறேன், லமுன் வேண்டிய மட்டும் சிரிக்கட்டும். நீ சாமி காலுக்கு மருந்தும் எனக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒரு சீட்டும் கொண்டு வா. மிஷின் பொய் சொல்லவில்லை, அதற்கு இங்கிதம் தெரியாது, அவ்வளவே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: வெந்நீரானாலும் ஏழு மடிப்புத் துணியில் வடிகட்டித்தான் கொடுப்பேன். அதை எந்த மிஷினும் தடுக்க முடியாது.